உம் கொட்டும் உள்ளறை

ஆரோக்கியம்மாள் தூங்கிவிட்டிருந்தாள். தலை சுவரில் சாய்ந்து, கடைவாயில் வெற்றிலைச் சாறு மெல்ல இறங்க, நல்ல தூக்கம். ஆனாலும் வியாகுலமேரி ஒரு வாக்கியத்தை வாசித்து நிறுத்தியதும் "உம்" என்று சத்தம் வந்தது. வர வேண்டிய இடத்தில்தான் வந்தது. அதனால் அடுத்த வாக்கியத்தைப் பாதி வாசித்த பிறகுதான் மேரி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

உம் கொட்டுவது ஆரோக்கியம்மாளின் வேலை. அந்த ஊரில் கதை சொன்னாலும் சரி, புத்தகம் வாசித்தாலும் சரி, கேட்கிறவர்களில் ஒருத்தர் உம் கொட்ட வேண்டும். உம் வந்தால் கதை மேலே போகலாம். வரவில்லையென்றால் கேட்பவருக்குப் புரியவில்லை, அல்லது பிடிக்கவில்லை. சொல்கிறவர் அந்த இடத்தை வேறு மாதிரி சொல்லிப் பார்க்க வேண்டும். மேரிக்கு இது புதுப் பழக்கம். அவள் வளர்ந்தது கன்னியர் மடத்து அநாதை விடுதியில். அங்கே சாப்பாட்டு வேளையில் ஒருத்தி புனிதர்கள் சரித்திரம் வாசிப்பாள், மற்றவர்கள் வாய் திறக்காமல் கஞ்சி குடிப்பார்கள். நாம் வாசிப்பதை ஒருத்தர் கேட்கிறார் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் தெரிவது எவ்வளவு சுகம் என்பதை இந்த ஊருக்கு வாழ வந்த பிறகுதான் அவள் கண்டுகொண்டாள்.

கூடத்தில் வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள். ரோசம்மாள் மடியில் பிள்ளையைப் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால் ஊற்ற வரும் மொக்கம்மாள் முறத்துக் கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏக்கா, யாரு உம் கொட்டுனது?" என்று கேட்டாள் மேரி.

"ஆரோக்கியம்தான். வேற யாரு கொட்டுவா?" என்றாள் மொக்கம்மாள், நிமிராமலேயே.

தட்டி எழுப்பியதும் ஆரோக்கியம்மாள், "தூங்கலத்தா, கண்ண மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்று சாதித்தாள். தூக்கத்திலும் பழக்கதோஷத்தில் கொட்டியிருப்பாள் என்று மேரி மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். ஆனால் சத்தம் வந்தது ஆரோக்கியம்மாள் இருந்த பக்கத்திலிருந்து அல்ல. மேரியின் முதுகுக்குப் பின்னால் உள்ளறை இருந்தது. நெல் குதிரும் வெங்காயக் கூடையும் கணவனுடைய தகரப் பெட்டியும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. அங்கிருந்துதான் வந்தது.

'செண்பகவல்லி அல்லது கருங்கல் மாளிகை' என்பது புத்தகத்தின் பெயர். மேரியின் கணவன் அமிர்தராஜ், மலைமேல் பேரியாற்றில் அணை கட்டுகிற இடத்தில் கல் உடைப்பவர்களுக்கு மேஸ்திரி. அங்கே வேலை பார்த்த பெரியகுளத்துக் குமாஸ்தா ஒருவர் படித்து முடித்ததை வாங்கி வந்து, "ஒத்தையில இருக்கேன்னு புலம்புவியே, இந்தா" என்று கையில் கொடுத்துவிட்டு, மறுநாளே கூடலூர்ப் பாதையில் ஏறிப் போய்விட்டான். மாதக் கணக்கில் மலையிலும் ஒரு சில நாள் வீட்டிலுமாக இருக்கிற மனுசன். இருக்கிற நாளிலும் மேரி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் அசதியில் உறங்கிவிடுவான். நல்லவன்தான். அவன் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அவளுக்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை.

கதையில் செண்பகவல்லியும் ஒரு அநாதைப் பெண். ஒரு ஜமீன்தாருக்கு வாழ்க்கைப்பட்டு அவருடைய கருங்கல் மாளிகைக்கு வருகிறாள். மாளிகையில் ஒரு அறை எப்போதும் பூட்டிக் கிடக்கிறது. விளக்கணைத்த பிறகு அதற்குள் யாரோ நடக்கிறார்கள். கேட்டால் ஜமீன்தார் முகம் கறுக்கிறது. அவர் அடிக்கடி வெளியூர் போய்விடுகிறார். போவதற்கு முன்னால் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறார். அவர் நல்லவரா, பொல்லாதவரா என்பதில் கூடமே இரண்டுபட்டுக் கிடந்தது.

"பொண்டாட்டிய ஒத்தையில விட்டுட்டுப் போறவனுக்கு என்ன கண்ணீரு வேண்டிக்கிடக்கு? ரெண்டு போட்டாத்தான் சரிப்படுவான்" என்பாள் ஆரோக்கியம்மாள்.

"ஒங்களுக்குத் தெரியாது மதினி, அவரு மனசுல ஏதோ பாரம்" என்று ரோசம்மாள் பரிந்துகொண்டு வருவாள்.

மொக்கம்மாளுக்கு ஜமீன்தார் ஒரு பொருட்டே இல்லை. "அந்த மாளிகைக்கு ஒரு கோடாங்கியக் கூட்டியாந்து பேய ஓட்டியிருந்தா இம்புட்டு நீளத்துக்குக் கதை போயிருக்காது" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் ஓட்டில் பட்டுத் திரும்பி வருவதை மேரி ஆசையாகக் கேட்பாள். தெருவின் கடைசி வீடு அது. அதைத் தாண்டினால் நாணல் அடர்ந்த வாய்க்கால், அதற்கப்பால் வயல், வயலுக்கு மேலே சுவராக எழும்பிய மலை. சிரித்துவிட்டு அவர்கள் போன பிறகு வீட்டுக்குள் ஒரு வெறுமை வந்து உட்காரும், அதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் சீக்கிரமே விளக்கை ஏற்றிவிடுவாள்.

அடுத்த முறை வாசித்தபோது ஆரோக்கியம்மாள் நன்றாக விழித்திருந்தாள். அவள் உம் கொட்டினாள். அவள் கொட்டி முடித்த மறு நொடி, கொஞ்சம் தாழ்ந்த குரலில், இன்னொரு உம் வந்தது. மேரி நிமிர்ந்தாள். ரோசம்மாளும் நிமிர்ந்தாள். இரண்டு பேர் கண்ணும் ஒரே சமயத்தில் உள்ளறைக் கதவுக்குப் போனது. ரோசம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"என்னடி அதுக்குள்ள?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"அடுப்புல ஒலை வச்சுட்டு வந்தேன் மதினி" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. தெருவில் எதிர்ப்பட்டாலும் நாற்று நடவு என்றாள், பிள்ளைக்குச் சளி என்றாள், மேரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் பிறந்தது. இறந்தவர்களின் ஆத்துமாக்களுக்காக வேண்டிக்கொள்கிற மாதத்தில் பேய் மாளிகைக் கதை கேட்டுக்கொண்டு உட்காருவது அழகா என்று உபதேசியார் சூசைமுத்து கோயிலில் கேட்டுவிட்டார். பேர் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாத் தலையும் மேரியின் பக்கம் திரும்பியது. அன்று சாயங்காலம் ஆரோக்கியம்மாள் வாசலிலேயே நின்று, "கெறிஸ்மசுக்கு அப்புறம் கேட்டுக்கிருவோம்த்தா. அந்த ஜமீன்தார் எங்கயும் ஓடிப்போக மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மொக்கம்மாளுக்குக் கோயிலும் இல்லை, உபதேசியாரும் இல்லை. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. பாலை வாசலில் ஊற்றிவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவிடுவாள்.

மழை என்றால் விடாத மழை. கம்பம் பக்கத்திலிருந்து காற்று வாய்க்கால் நாணலை அழுத்திக்கொண்டு வந்து வீட்டுச் சுவரில் மோதும். கூடத்து ஓட்டில் ஒழுகுகிற தண்ணீர் சட்டியிலும் குண்டானிலும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சத்தமாக விழும். ஈர விறகின் புகையும், குதிரில் நெல் புழுங்குகிற வாடையும், நனைந்த சுவரின் மண் வாசனையும் சேர்ந்து மூச்சை அடைக்கும். மலைக்குப் போய்வருகிற வண்டிக்காரர்கள் அங்கே காய்ச்சல் என்று சொன்னார்கள். அமிர்தராஜ் வருவதாகச் சொன்ன நாள் கடந்துபோயிருந்தது. ஒரு பொழுது பொறுக்க முடியாமல் மேரி ஆரோக்கியம்மாள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள். உள்ளே அவர்கள் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டாள். வந்து, கூடத்தில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து, சத்தமாக வாசித்தாள்.

"உம்" என்று வந்தது.

உடம்பு சில்லிட்டது. உண்மைதான். ஆனால் எழுந்து ஓடாமல் அவள் அடுத்த வாக்கியத்தை வாசித்தாள் என்பதும் உண்மை. அதற்கும் உம் வந்தது. வெற்றிலை மெல்லாத, கொட்டாவி விடாத உம். ஒரு வாக்கியத்தையும் தவற விடாத உம். வேளாவேளைக்கு அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து, உள்ளறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தாள். திரும்பிப் பார்த்தால் போய்விடுமோ என்று அவள் திரும்பவில்லை. போகாமல் இருந்துவிடுமோ என்பதும் ஒரு காரணம். வாசிக்கிற நேரத்தில் அவளுக்குத் தனிமை தெரியவில்லை.

கேட்பவருக்கு எது பிடிக்கிறது என்பது போகப் போகப் புரிந்தது. செண்பகவல்லி பயந்து நடுங்குகிற இடத்தில் உம் முந்திக்கொண்டு வரும். அவளுக்கு யாராவது ஆறுதல் சொன்னால் சோம்பலாக வரும். ஜமீன்தார் பேச்சு வந்தால் வராது.

கடைசி அத்தியாயத்துக்கு முந்தின அத்தியாயத்தில் ஜமீன்தார் மனைவியைக் காப்பாற்ற மலைப்பாதையில் குதிரையேறி வருகிறார். "'மாளிகையின் வாசலில் குதிரையை விட்டுக் குதித்து, செண்பகவல்லி என்று கூவினார்'" என்று வாசித்து மேரி நிறுத்தினாள்.

உம் வரவில்லை.

மறுபடி வாசித்தாள். ஒழுகல் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதி அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பிடிக்காவிட்டால் வேறு மாதிரி சொல்ல வேண்டும், அதுதானே பழக்கம். புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு அவளாகச் சொன்னாள்: "அன்னைக்கு ஜமீன்தார் வந்து சேரல."

"உம்."

விருந்தாளி சோற்றை ருசித்துச் சாப்பிட்ட மாதிரி மேரிக்கு மனம் குளிர்ந்தது. "மலைப்பாதையில குதிரை வழுக்கிருச்சு" என்றாள்.

"உம்."

அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. உள்ளே காத்திருந்தது. காத்திருப்பது முதுகில் தெரிந்தது.

"அவரு வீடு வந்து சேரவே இல்ல."

"உம்ம்" என்றது, நீளமாக, வயிறு நிறைந்த மாதிரி.

தான் சொன்னது என்ன என்பது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. மலைப்பாதை. வீடு வந்து சேராத புருசன். மேரி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் பின்னால் கையை நீட்டி, உள்ளறைக் கதவைச் சாத்தி நாதாங்கியைப் போட்டாள். புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். ஈர விறகு எரியாவிட்டாலும் அந்தத் தாள்கள் நன்றாக எரிந்தன.

ஆனால் அது கேட்பதை விடவில்லை. "வெறகெல்லாம் ஈரம்" என்று வாய் முணுமுணுத்தால் சாத்திய கதவுக்குப் பின்னால் உம். ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தாள். ஒரு ஜெபத்தின் முன்பாதியைச் சொல்லி முடித்ததும், பின்பாதியை அவள் தொடங்குவதற்குள் உம். அவள் வாயை மூடிக்கொண்டாள். பேச்சை விட்டாள். நாள் முழுக்க ஒரு சொல் பேசாமல் சட்டிகளை எடுத்தாள், வைத்தாள், கஞ்சி காய்ச்சினாள். மனதுக்குள் மட்டும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவுக வந்துரணும். அவுக வந்துரணும்.

வந்தான். பொழுது சாய்கிற நேரத்தில், கொட்டுகிற மழையில், வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. வண்டிக்காரர் சுருளியாண்டி அவனைக் கைத்தாங்கலாக இறக்கினார். அமிர்தராஜின் கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. தொட்டால் கை சுட்டது.

"மலக் காய்ச்சல் தாயி. வழியெல்லாம் பெனாத்திக்கிட்டே வந்தாக" என்றார் சுருளியாண்டி. கூடத்தைப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒழுகிக்கொண்டிருந்தது. நேரே போய் உள்ளறை நாதாங்கியை எடுத்தார்.

"அங்கன வேணாம்ணே."

"இங்கன போட்டா நனைஞ்சே செத்துருவாக தாயி. உள்ள காஞ்சு கெடக்கு பாரு."

காய்ந்துதான் கிடந்தது. வாசலில் நின்றே மேரி பார்த்தாள். குதிர், கூடை, பெட்டி. வேறு ஒன்றும் இல்லை. பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். "கம்பத்துல போயி வைத்தியரக் கையோட கூட்டியாறேன். கஞ்சித் தண்ணி மட்டும் குடு" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறினார். சக்கரச் சத்தத்தை மழை சீக்கிரமே விழுங்கிவிட்டது.

அடுப்பு கூடத்து மூலையில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் உள்ளறை வாசல் தெரியும், படுக்கை தெரியாது. மேரி அரிசியைக் களைந்து போட்டாள். பயம்தான், ஆனாலும் வீட்டில் அவன் இருக்கிறான். அந்த ஒன்றே நெஞ்சில் சூடாக இருந்தது. அடக்கிவைத்த பேச்சு தானாக வந்தது.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள்.

"உம்" என்றது உள்ளிருந்து.

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. அவன் பதில் சொல்கிறான். "ஏங்க இம்புட்டு நாளா வரல? நான் இங்கன ஒத்தையில செத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

"உம்."

உறங்கிவிடாமல் கேட்கிறானே என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது. கஞ்சியைக் கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ரோசம்மாள் எழுந்து போனதை, கோயிலில் எல்லாரும் திரும்பிப் பார்த்ததை, ஆரோக்கியம்மாள் வீட்டு வாசலில் தான் கூப்பிடாமல் நின்றதை. ஒவ்வொன்றுக்கும் உம் வந்தது. வாழ்க்கைப்பட்ட நாளாக அவள் ஆசைப்பட்டது இது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வைத்தியர் வந்துருவாரு" என்றாள்.

உம் வரவில்லை.

அகப்பை கையில் நின்றது.

"ஒங்களத்தான். வைத்தியர் வந்துருவாரு."

மழை. சட்டியில் சொட்டு. குண்டானில் சொட்டு.

"காய்ச்சல் எறங்கிரும்" என்றாள்.

இல்லை.

"நீங்க பொழைச்சுக்கிருவீக."

இல்லை. அந்த அமைதி அவளுக்குத் தெரிந்த அமைதி. பிடிக்கவில்லை. வேறு மாதிரி சொல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குள் அந்த வேறு வாக்கியம் இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. சொல்ல மாட்டாள்.

அப்போது அமிர்தராஜ் பேசினான். அவனுடைய குரல்தான், மெலிந்து, வறண்டு, மலைக்கு அப்பாலிருந்து வருவது போல. வீட்டுக்கு வந்த பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

"மேரி..."

"என்னங்க?"

"கைய எடுத்துறாத." ஒரு மூச்சு. "சில்லுன்னு இதமா இருக்கு."

மேரி அடுப்படியில் நின்றாள். ஒரு கையில் அகப்பை. மறு கை சுவரில்.

விளக்கை எடுத்தாள். உள்ளறை வாசலில் நின்று விளக்கைத் தூக்கினாள்.

குதிர். கூடை. பெட்டி. பாயில் அவன். கண் மூடியிருந்தது. முகம் தெளிந்து, தாய் மடியில் கிடக்கிற பிள்ளையின் முகமாக இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. வியர்வையில் நெற்றியோடு ஒட்டிக்கிடந்த முடி மெதுவாக மேலே ஒதுங்கியது. விழுந்தது. மறுபடி ஒதுங்கியது. விழுந்தது. மறுபடி.

"அவுக பொழைச்சுக்கிருவாக" என்றாள் மேரி.

ஒதுங்கிய முடி விழவில்லை. விரல் இடுக்கில் பிடித்த மாதிரி மேலேயே நின்றது. கேட்டுக்கொண்டு நின்றது.

"பொழைச்சுக்கிருவாக."

அமிர்தராஜின் நெஞ்சு ஒரு தடவை ஏறியது. இறங்கியது.

உம் வரவில்லை. சொன்னதையே மேரி மறுபடி சொன்னாள். மாற்றிச் சொல்லவே மாட்டேன் என்று சத்தம் போட்டுச் சொன்னாள். நெற்றிக்கு மேல் அந்த முடிக் கற்றை அப்படியே நின்றது. அவள் மாற்றிச் சொல்லட்டும் என்று, பொறுமையாக.